பென் டிரைவின் ஆயுளும் பாதுகாப்பும்: புதிதாகப் பயன்படுத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

என் தங்கை மகள் ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். ஒரு நாள் மாலை பென் டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். "மாமா, காலையில்கூட நன்றாகத்தான் இருந்தது. இப்போது எந்தக் கணினியில் செருகினாலும் விளக்கே எரியவில்லை" என்றாள். ஓராண்டு உழைப்பு முழுவதும் அதில்தான் இருந்தது. வேறெங்கும் ஒரு பிரதிகூட இல்லை.

பிளாஸ்டிக் உறையை மெல்லிய கத்தி முனையால் நெம்பித் திறந்தேன். உள்ளே கட்டைவிரல் அகலத்தில் ஒரு பச்சைப் பலகை. ஒரு பக்கம் நீள்சதுரமாகக் கறுப்புச் சில்லு ஒன்று. மறுபக்கம் சிறிய சதுரச் சில்லு. அதன் அருகே வெள்ளிபோல் மின்னும் படிகம். முனையில், கணினிக்குள் நுழையும் உலோகச் செருகி. செருகியின் நான்கு கால்களும் ஈயப் பற்றினால் பலகையோடு பிணைக்கப்பட்டிருந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, ஒரு காலைச் சுற்றி மட்டும் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. பற்றவைப்புக் கோலால் அந்த இடத்தைத் தொட்டு எடுத்தேன். விளக்கு எரிந்தது. ஆய்வேடு பிழைத்தது.

கெட்டது அந்தக் கறுப்புச் சில்லாக இருந்திருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அன்றிலிருந்து, புதிதாகப் பென் டிரைவ் வாங்கும் யாரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: இது கோப்புகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து செல்லும் பை, இதை அலமாரியாக நினைக்காதீர்கள். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான்.

பென் டிரைவ் எப்படித் தேய்கிறது

கறுப்புச் சில்லில் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1980களில் கண்டுபிடித்த நுட்பம் இது. 2000ஆம் ஆண்டில் பென் டிரைவ்கள் விற்பனைக்கு வந்தபோது, ஐபிஎம் விற்ற முதல் டிரைவின் கொள்ளளவு 8 எம்பி. இன்று ஒரே ஒரு புகைப்படம் அந்த இடத்தை நிரப்பிவிடும்.

சில்லுக்குள் கோடிக்கணக்கான நுண்ணறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையிலும் எலக்ட்ரான்களைச் சிறைப்பிடித்து வைப்பதன் மூலம் தகவல் பதிவாகிறது. அறையைச் சுற்றி மிக மெல்லிய மின்கடத்தாப் படலம் உண்டு. எழுதும்போதும் அழிக்கும்போதும் ஏறத்தாழ 20 வோல்ட் அழுத்தத்தைச் சில்லு தனக்குள்ளேயே உண்டாக்கி, எலக்ட்ரான்களை அந்தப் படலத்தின் ஊடாகத் தள்ளுகிறது. ஒவ்வொரு முறையும் படலம் சிறிதளவு சிதைகிறது. ஒரு கட்டத்தில் அறையால் எலக்ட்ரான்களைப் பிடித்து வைக்க முடியாமல் போகிறது.

படிப்பதால் ஏற்படும் தேய்மானம் பொருட்படுத்தத் தக்கதல்ல. தேய்ப்பது எழுதுவதும் அழிப்பதும்தான். ஓர் அறையில் ஒரே ஒரு பிட் (0 அல்லது 1 என்ற ஒரு குறி) வைக்கும் எஸ்எல்சி வகை ஏறத்தாழ ஒரு லட்சம் முறை எழுதி அழிப்பதைத் தாங்கும். இரண்டு பிட் வைக்கும் எம்எல்சி 3,000 முதல் 10,000 முறை வரை. மூன்று பிட் வைக்கும் டிஎல்சி ஆயிரத்தை ஒட்டி. நான்கு பிட் வைக்கும் கியூஎல்சி அதற்கும் கீழே. சாதாரணப் பென் டிரைவ்களில் பெரும்பாலும் கடைசி இரண்டு வகைகளே இருக்கின்றன. எந்த வகை என்று உறையில் அச்சிடுவதும் அரிது.

ஆயிரம் முறை என்றால் குறைவாகத் தோன்றலாம். 32 ஜிபி டிரைவ் ஒன்றைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 32 ஜிபியை ஆயிரம் முறை எழுதலாம் என்றால் மொத்தம் 32,000 ஜிபி. தினமும் 2 ஜிபி எழுதினாலும் 16,000 நாள், அதாவது நாற்பது ஆண்டுக்கு மேல். ஆனால் நடைமுறையில் இந்தக் கணக்கு அப்படியே பலிப்பதில்லை. ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு வரியை மட்டும் தனியே அழிக்க முடியாது. சில எம்பி அளவுள்ள ஒரு தொகுதியை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். நீங்கள் ஓர் ஆவணத்தில் ஒரு சொல்லை மாற்றிச் சேமித்தாலும், உள்ளே அதைவிடப் பன்மடங்கு எழுதப்படக்கூடும். தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் எல்லா அறைகளுக்கும் பகிர்ந்துகொடுப்பது அந்தச் சிறிய சதுரச் சில்லின் வேலை. அதற்குக் கண்ட்ரோலர் என்று பெயர். மலிவான டிரைவ்களில் இந்தக் கண்ட்ரோலர்தான் மட்டமாக இருக்கிறது.

காலமும் ஒரு பகைவன். எழுதாமல் பெட்டியில் போட்டு வைத்திருந்தாலும் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் மெல்லக் கசிகின்றன. வெப்பம் கூடினால் கசிவும் கூடும். அதிகம் எழுதப்படாத டிரைவ் பல ஆண்டுகள் தகவலைக் காத்துவைக்கும். பத்து ஆண்டு என்று நிறுவனங்கள் சொல்வதுண்டு. தேய்ந்த டிரைவ் அப்படி அல்ல. கணினிக்குள் இருக்கும் எஸ்எஸ்டிகளும் ஃபிளாஷ் நினைவகத்தால் ஆனவையே. அவற்றுக்காக, சில்லுகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு வகுத்த தரவரையறையைப் பாருங்கள்: சாதாரணப் பயன்பாட்டுக்கான எஸ்எஸ்டி, தன் எழுத்து ஆயுளை முழுவதும் செலவழித்த பிறகு, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும் என்கிறது. பென் டிரைவுக்கு அந்த அளவுக்கு உத்தரவாதம் தருவோரும் குறைவு.

இவற்றையெல்லாம் சொன்னாலும், நான் திறந்து பார்த்த செத்த டிரைவ்களில் பெரும்பாலானவை அறைகள் தேய்ந்து போனவை அல்ல. வளைந்தவை, நசுங்கியவை, ஈயப் பற்று விட்டவை, எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கப்பட்டவை. அதாவது, கையாள்வதில் கவனம் இருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய சாவுகள்.

முதல் படி: வாங்கியவுடன் சோதியுங்கள்

புதிய டிரைவை உறையிலிருந்து எடுத்தவுடன் கோப்புகளை நிரப்பத் தொடங்காதீர்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்; இங்கே ஆற்றையே அளக்க வேண்டியிருக்கிறது.

64 ஜிபி என்று வாங்கியது விண்டோஸில் 59.6 ஜிபி என்று காட்டும். இதைக் கண்டு பதற வேண்டாம். தயாரிப்பவர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1,07,37,41,824 பைட் என்று எண்ணுகிறது. அளவுகோல்தான் வேறு, கொள்ளளவு ஒன்றே.

உண்மையான மோசடி வேறு விதம். 8 ஜிபி சில்லை வைத்துவிட்டு, "நான் 512 ஜிபி" என்று கணினியிடம் சொல்லும்படி கண்ட்ரோலரை மாற்றியமைத்துவிடுகிறார்கள். முதல் 8 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்குப் பிறகு எழுதுபவை பழையவற்றின் மேலேயே விழும், அல்லது எங்கும் பதியாமல் மறையும். கோப்பின் பெயர் தெரியும், அளவு தெரியும், திறந்தால் பாதிப் படம் சாம்பல் நிறமாக இருக்கும். நகலெடுக்கும்போது எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் இதில் உள்ள கொடுமை. பல மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

சோதிக்கும் முறை எளிது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரல் இருக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. இரண்டும் செய்வது ஒன்றே: டிரைவ் முழுவதையும் சோதனைக் கோப்புகளால் நிரப்பி, பிறகு ஒவ்வொன்றையும் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று ஒப்பிடும். டிரைவ் காலியாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். வினாடிக்கு 10 எம்பி வேகத்தில் எழுதும் 64 ஜிபி டிரைவை நிரப்ப ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். படிக்க இன்னும் கொஞ்சம். இரவில் ஓடவிட்டுப் படுத்துவிடலாம். சோதனை முடிவில் ஒரு பிழை வந்தாலும் அந்த டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆயிரம் முறை எழுதும் ஆயுளில் ஒரு முறையை இந்தச் சோதனை செலவழிக்கிறது. அந்தச் செலவு நூறு மடங்கு தகும்.

சோதனை தேறினால், வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் சிறு ஒட்டுத்தாளில் எழுதி டிரைவின் முதுகில் ஒட்டுங்கள். பின்னால் இது கைகொடுக்கும்.

இரண்டாம் படி: ஃபார்மட் எது என்று முடிவுசெய்யுங்கள்

ஃபார்மட் என்பது டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை; ஃபார்மட் செய்வது என்றால், டிரைவில் இருப்பதைத் துடைத்து அந்த முறையில் புதிதாக ஒழுங்குபடுத்துவது. இதில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. பழைய தொலைக்காட்சி, கார் ஆடியோ, அச்சுப்பொறி போன்றவற்றில் செருகப்போகிறீர்கள் என்றால் ஃபேட்32. அதில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பெரிய காணொளியை நகலெடுக்கும்போது, டிரைவில் இடம் இருந்தும் "கோப்பு மிகப் பெரியது" என்று கணினி மறுப்பதற்கு இதுவே காரணம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் எக்ஸ்ஃபேட். விண்டோஸ் கணினிகளுக்குள் மட்டுமே சுற்றப்போகிறது என்றால் என்டிஎஃப்எஸ்ஸும் பொருந்தும். ஆனால் மேக் அதைப் படிக்கும், எழுதாது.

மூன்றாம் படி: எழுதும் முறையை மாற்றுங்கள்

என் தங்கை மகள் ஓராண்டாகச் செய்துவந்த பழக்கம் இது: பென் டிரைவைச் செருகுவாள், அதிலிருந்தே ஆவணத்தைத் திறப்பாள், அதிலேயே திருத்துவாள், சில நிமிடங்களுக்கு ஒரு முறை சேமிப்பாள். அவள் சேமிக்காத நேரத்திலும் நிரல் தானாகத் தற்காலிகக் கோப்புகளை அதே இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும். நாள் முழுவதும் டிரைவ் கணினியின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும்; கை படும், புத்தகம் இடிக்கும். ஈயப் பற்றில் விரிசல் விழுந்ததும் அப்படித்தான்.

இப்படிச் செய்யுங்கள்:

1. டிரைவிலிருந்து கோப்பைக் கணினிக்கு நகலெடுங்கள்.
2. டிரைவைக் கழற்றிவிடுங்கள்.
3. கணினியில் உள்ள நகலில் வேலை செய்யுங்கள்.
4. வேலை முடிந்ததும் டிரைவைச் செருகி, முடிந்த கோப்பை ஒரே முறை எழுதுங்கள்.
5. எழுதிய கோப்பை டிரைவிலிருந்தே ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

ஐந்தாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நகல் முடிந்ததாகக் காட்டும் பச்சைப் பட்டையை நம்பிப் போய், மறுநாள் கூட்டத்துக்கு முன்னால் நின்று வெறும் திரையைப் பார்த்தவர்களை நான் அறிவேன்.

ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் இருந்தால் அவற்றை ஒரு ஜிப் கோப்பாகக் கட்டி எழுதுங்கள். வேகமாகவும் முடியும், தேய்மானமும் குறையும். டிரைவை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். பத்தில் ஒரு பங்காவது காலியாக இருந்தால்தான் தேய்மானத்தைப் பகிர்ந்துகொடுக்கக் கண்ட்ரோலருக்கு இடம் கிடைக்கும். டிஃப்ராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்குவது) செய்யவே வேண்டாம். அது சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கான வைத்தியம், இங்கே வெறும் தேய்மானம்தான். மென்பொருள்களையோ இயங்குதளத்தையோ பென் டிரைவிலிருந்தே தினமும் ஓட்டுவதும் அதன் ஆயுளை வேகமாகத் தின்றுவிடும். அவசரத்துக்கு ஓரிரு முறை என்றால் பரவாயில்லை.

நான்காம் படி: கழற்றும் முன் சொல்லிவிட்டுக் கழற்றுங்கள்

இந்த ஒரு பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டாலும் பாதித் தொல்லை தீரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நூலகத்தில் புத்தக அடுக்கு ஒரு பக்கம், எந்தப் புத்தகம் எந்த அடுக்கில் என்று சொல்லும் அட்டவணை இன்னொரு பக்கம் இருக்கிறதல்லவா? டிரைவிலும் அப்படியே. கோப்பின் உள்ளடக்கம் ஓரிடத்தில் பதிகிறது. அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு அட்டவணையில் பதிகிறது. உள்ளடக்கம் பதிந்து, அட்டவணை பதியும் முன் பிடுங்கினால், புத்தகம் அடுக்கில் இருந்தும் இல்லாததாகிவிடும். அட்டவணையே பாதி எழுதிய நிலையில் பிடுங்கினால் எல்லாப் புத்தகங்களும் காணாமல் போகும். "டிரைவைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்" என்ற செய்தி பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

இதற்கும் அடியில் இன்னோர் அட்டவணை உண்டு. எந்தத் தகவல் எந்த அறையில் இருக்கிறது என்று கண்ட்ரோலர் தனக்காக வைத்திருக்கும் வரைபடம் அது. நாம் அதைப் பார்க்கவே முடியாது. அதை மாற்றி எழுதும் கணத்தில் மின்சாரம் அறுந்தால், டிரைவ் தன்னையே மறந்துபோகும். கணினி அதை 0 பைட் என்று காட்டும், அல்லது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அந்த நிலையிலிருந்து வீட்டில் யாராலும் மீட்க முடியாது.

கணினிகள் வேகத்துக்காக எழுத வேண்டியதைத் தம் நினைவில் கொஞ்ச நேரம் தேக்கி வைத்திருந்து பிறகு எழுதுவதும் உண்டு. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து பென் டிரைவ்களுக்கு அந்தத் தேக்கம் இயல்பாகவே நிறுத்தப்பட்டிருக்கிறது. அதனால் "இனி ஈஜெக்ட் (கழற்றப்போகிறோம் என்று கணினியிடம் சொல்லும் கட்டளை) கொடுக்கவே வேண்டாம்" என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். நீங்கள் அறியாமல் பின்னணியில் ஒரு நிரல் எழுதிக்கொண்டிருந்தால் அந்த ஏற்பாடு காப்பாற்றாது. லினக்ஸிலும் மேக்கிலும் தேக்கம் இன்றும் இருக்கிறது. லினக்ஸில் நகலெடுப்பு முடிந்ததாகக் காட்டிய பிறகும் டிரைவின் விளக்கு நெடுநேரம் மின்னிக்கொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

எனவே: திறந்த கோப்புகளை மூடுங்கள். ஈஜெக்ட் கொடுங்கள். "இப்போது கழற்றலாம்" என்ற செய்தி வரும்வரை காத்திருங்கள். விளக்கு மின்னுவது நின்றதா என்று பாருங்கள். பிறகு, செருகியின் போக்கிலேயே நேராக இழுங்கள். ஆட்டி ஆட்டி இழுக்காதீர்கள். "டிரைவ் பயன்பாட்டில் இருக்கிறது" என்று கணினி மறுத்தால் அதனோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். எந்த நிரல் என்று தெரியாவிட்டால், கணினியை முழுவதும் நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள்.

ஐந்தாம் படி: உடம்பைப் பாருங்கள்

பழைய அகலமான யூஎஸ்பி ஏ வகைச் செருகி 1,500 முறை செருகிக் கழற்றுவதைத் தாங்க வேண்டும் என்பது தரவரையறை. புதிய சி வகைக்கு 10,000 முறை. தினமும் இரண்டு முறை செருகினால் முதலாவது இரண்டே ஆண்டில் அந்த எண்ணைத் தொட்டுவிடும். அன்றே உடைந்துவிடும் என்பதில்லை, ஆனால் தளரத் தொடங்கும்.

மேசைக் கணினி என்றால் பின்பக்கப் போர்ட்டில் ஒரு குட்டி நீட்டிப்புக் கேபிளைச் செருகி, அதன் முனையை மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். கையோ புத்தகமோ இடித்தாலும் கேபிள்தான் வளையும். டிரைவின் ஈயப் பற்றுக்கு எதுவும் ஆகாது. சாவிக்கொத்தில் பென் டிரைவை மாட்டுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். சட்டைப்பையில் நூலும் தூசியும் செருகிக்குள் புகுகின்றன. சாவிகள் இழுக்கும் இழுப்பில் உறை நெகிழ்கிறது.

வெப்பம் பெரிய எதிரி. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் டிரைவை விட்டுவிட்டு வராதீர்கள். நெடுநேரம் எழுதிய பிறகு டிரைவ் கைபொறுக்காத சூட்டில் இருந்தால், கழற்றி ஆறவிட்டுத் தொடருங்கள்.

தண்ணீரில் விழுந்தாலோ, துணியோடு துவைக்கப்பட்டாலோ உடனே செருகிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஈரத்தோடு மின்சாரம் சேரும்போதுதான் சில்லு கெடும். நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசி, காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று நாள் உலரவிட்டுப் பிறகு செருகுங்கள். பல டிரைவ்கள் பிழைத்துக்கொள்ளும்.

காந்தத்துக்கு அஞ்ச வேண்டாம். அந்த அச்சம் ஃபிளாப்பி காலத்தது; ஃபிளாஷ் நினைவகத்தில் காந்தப் பதிவு எதுவும் இல்லை. விமான நிலைய எக்ஸ்ரே சோதனையும் ஒன்றும் செய்துவிடாது.

ஆறாம் படி: அந்நிய டிரைவை நம்பாதீர்கள்

வழியில் கிடந்த பென் டிரைவை எடுத்துச் செருகிப் பார்க்க யாருக்குத்தான் ஆவல் வராது? அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் 297 டிரைவ்களை வேண்டுமென்றே ஆங்காங்கே போட்டுவைத்துப் பார்த்தார்கள். 2016இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, அவற்றில் குறைந்தது 45 சதவீதத்தை யாரோ கணினியில் செருகிக் கோப்பைத் திறந்தே பார்த்திருக்கிறார்கள். உரியவரைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் நல்ல எண்ணத்தோடு செருகியவர்களே அதிகம். அந்த நல்ல எண்ணம்தான் கெடுப்பவர்களின் தூண்டில்.

இணையத்தோடு தொடர்பே இல்லாத கணினிக்குள்ளும் டிரைவ் வழியாகக் கெடுநிரல் நுழையும். ஈரானின் நடான்ஸ் அணு நிலையத்தில் யுரேனியம் செறிவூட்டும் கருவிகளைச் சிதைத்த ஸ்டக்ஸ்நெட் என்ற கெடுநிரல், 2010இல் வெளிச்சத்துக்கு வந்தபோது உலகம் அதைக் கண்டுகொண்டது. 2014இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டிய பேட்யூஎஸ்பி என்ற தாக்குதல் முறை இன்னும் நுட்பமானது: டிரைவின் கண்ட்ரோலரையே மாற்றியமைத்து, கணினியிடம் "நான் ஒரு விசைப்பலகை" என்று சொல்லவைத்தார்கள். செருகியதும் அது தானாகக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும். உள்ளே கோப்பே இல்லாததால், கோப்புகளைத் தேடும் வைரஸ் தடுப்பானுக்கு அது புலப்படாது.

அன்றாடம் நமக்கு வரும் தொல்லை இவ்வளவு பெரிதல்ல. பொதுக் கணினியில் செருகிவிட்டு வந்ததும் உங்கள் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாக மாறியிருக்கும். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் அழிவதில்லை; மறைத்து வைக்கப்பட்டிருக்கும். அந்தக் குறுக்குவழியை மட்டும் சொடுக்காதீர்கள், சொடுக்கினால் உங்கள் கணினிக்கும் தொற்றிவிடும். முதலில் வைரஸ் தடுப்பானால் டிரைவைச் சோதித்துத் துப்புரவாக்குங்கள். பிறகு மறைந்த கோப்புகளைக் காட்டும் அமைப்பை இயக்கி அவற்றைக் கணினிக்கு எடுத்துக்கொண்டு, டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள்.

பொதுக் கணினிகளுக்கென்று தனியாக ஒரு டிரைவ் வைத்துக்கொள்வது நான் பல ஆண்டாகக் கடைப்பிடிக்கும் வழி. அச்செடுக்க வேண்டிய ஒரே ஒரு கோப்பை மட்டும் அதில் ஏற்றிக்கொண்டு போவேன். மற்ற டிரைவ்கள் என் கணினியைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.

ஏழாம் படி: தொலையும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள்

இவ்வளவு சிறிய பொருள் ஒருநாள் தொலையத்தான் செய்யும். அடையாள அட்டை நகல், வங்கி விவரம், மற்றவர்களின் தனிப்பட்ட ஆவணம் போன்றவை உள்ள டிரைவைக் கடவுச்சொல் போட்டு மறையாக்கம் செய்யுங்கள். விண்டோஸின் தொழில்முறைப் பதிப்புகளில் இதற்கென்றே பிட்லாக்கர் என்ற வசதி இருக்கிறது. வெராகிரிப்ட் என்ற இலவச நிரல் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். கடவுச்சொல்லை மறந்தால் உங்களுக்கும் அந்தக் கோப்புகள் இல்லை. ஆகவே மீட்புச் சாவியை வேறோரிடத்தில் எழுதி வையுங்கள்.

முக்கியமான கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும். கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே, மேகச் சேமிப்பிலோ உறவினர் வீட்டிலோ ஒன்று. பென் டிரைவில் இருப்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

டிரைவ் சோர்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

வேகம் படிப்படியாகக் குறையும். சில கோப்புகள் திறக்க மறுக்கும். செருகினால் ஒரு முறை தெரியும், மறுமுறை தெரியாது. அளவைத் தவறாகக் காட்டும். "எழுதுவதற்குத் தடை செய்யப்பட்டுள்ளது" என்ற செய்தி திடீரென வந்தால் அதைக் கடைசி எச்சரிக்கை என்று கொள்ளுங்கள். தேய்ந்த அறைகளுக்கு மாற்று இல்லாத நிலையில் கண்ட்ரோலர் கதவைச் சாத்திக்கொண்டு, படிக்க மட்டும் அனுமதிக்கிறது. அந்தத் தடையை நீக்கும் வழியைத் தேடி அலையாதீர்கள். அனுமதி இருக்கும்போதே எடுக்க வேண்டியதை எடுத்துவிடுங்கள்.

இந்த அறிகுறிகளில் எது தென்பட்டாலும், அந்த டிரைவில் ஒரு பைட்கூட எழுதாதீர்கள். "பிழையைச் சரிசெய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், சரிசெய்வதும் எழுதுவதே. மீண்டும் கிடைக்காத கோப்புகளை முதலில் எடுங்கள்: நீங்கள் எழுதியவை, நீங்கள் எடுத்த படங்கள். பாட்டையும் சினிமாவையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நடுவில் சூடானால் ஆறவிடுங்கள்.

கோப்புகள் அழிந்துவிட்டதாகத் தெரிந்தாலும், தவறுதலாக ஃபார்மட் செய்துவிட்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். விரைவு ஃபார்மட் அட்டவணையை மட்டுமே அழிக்கிறது. புத்தகங்கள் அடுக்கிலேயே இருக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச நிரல் அட்டவணையைப் பார்க்காமல் அடுக்குகளை நேரடியாகத் தேடிப் பல கோப்புகளை மீட்டுத் தரும். பெயர்கள் போயிருக்கும், உள்ளடக்கம் இருக்கும். மீட்டவற்றை அதே டிரைவில் சேமித்துவிடாதீர்கள். கணினி டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லையென்றால், உள்ளே இருப்பது உயிர்நாடியான தகவல் என்றால், நான் செய்ததுபோல் கத்தியை எடுக்காமல் தகவல் மீட்பு வல்லுநரிடம் கொடுங்கள். நான் துணிந்தது பல ஆண்டு பற்றவைத்துப் பழகிய கை என்பதால்.

ஆண்டுக்கு ஒரு முறை

பெட்டியில் போட்டு வைத்திருக்கும் டிரைவ்களை ஆண்டுக்கு ஒரு நாள் வெளியே எடுங்கள். சும்மா செருகி எடுத்தால் போதாது. மின்சாரம் பட்டதும் பழைய மின்னூட்டத்தைத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று எல்லாக் கண்ட்ரோலர்களையும் நம்ப முடியாது. கோப்புகளைக் கணினிக்கு நகலெடுத்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்து, டிரைவை ஃபார்மட் செய்து, மீண்டும் எழுதுங்கள். எலக்ட்ரான்கள் புதிதாக அறைகளில் ஏறும். முதுகில் ஒட்டிய தேதியையும் பாருங்கள். தினமும் புழங்கிய டிரைவ் என்றால் மூன்று நான்கு ஆண்டில் முக்கிய வேலைகளிலிருந்து அதை ஓய்வுபெறச் செய்வது என் வழக்கம். பிறகு அது பாட்டுக் கேட்பதற்கும், தொலைந்தால் கவலையில்லாத கோப்புகளுக்கும் பயன்படும்.

தூக்கி எறியும் நாளும் வரும். அழித்துவிட்டோம் என்று அப்படியே போட்டுவிடாதீர்கள். தேய்மானத்தைப் பகிர்வதற்காகக் கண்ட்ரோலர் ஒதுக்கிவைத்த அறைகளில் உங்கள் பழைய கோப்புகளின் துண்டுகள் எஞ்சியிருக்கலாம். முழு ஃபார்மட்கூட அந்த மூலைகளை எட்டுவதில்லை. தொடக்கத்திலிருந்தே மறையாக்கம் செய்யப்பட்ட டிரைவ் என்றால் கவலையில்லை. இல்லாவிட்டால் உறையைத் திறங்கள். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பலகையைத் துணியில் சுற்றி, அந்தக் கறுப்புச் சில்லைச் சுத்தியலால் இரண்டாக உடையுங்கள். செருகியையும் பச்சைப் பலகையையும் மட்டும் உடைத்தால் போதாது. சில்லு முழுதாக இருந்தால் அதை இன்னொரு பலகையில் பொருத்திப் படித்துவிட முடியும். உடைந்த துண்டுகளை மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.